யாரும் கேட்காத கடை

தள்ளுபடிக் கடைக்குப் போவதில் என்ன பெரிய சுகம் என்று டீச்சரைக் கேட்டால், விலை என்று சொல்லமாட்டாள். எடுத்ததைத் திருப்பி வைக்கலாம், அதுதான் சுகம் என்பாள். முனைக்கடையில் அது நடக்குமா? ஒரு சோப்பைக் கையில் எடுத்து, விலையைக் கேட்டு, "சரி, அப்புறம் பாக்கலாம்" என்று வைத்துவிட்டு வந்தால் கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார்தான். ஆனால் பின்னால் நிற்கிற நாலு பேருக்கும் நம் வீட்டு நிலவரம் தெரிந்துபோகும். பெரிய கடையில் அந்த வம்பே கிடையாது. வண்டியில் போடலாம், இரண்டு வரிசை தள்ளிப் போய் மனசு மாறலாம், பிஸ்கட்டுக்கு நடுவில் சோப்பைச் செருகிவிட்டு நிமிர்ந்த தலையோடு நடக்கலாம். ஏன் என்று கேட்க நாதியில்லை.

குறை இல்லாமலா இருக்கும்? கால் கிலோ என்ற பேச்சே தெரியாத கடை அது. ஒன்று வாங்கப் போனால் ஒன்பது வீட்டுக்கு வரும். வலைப்பையில் கட்டிவைத்த வெங்காயத்தில் நட்டநடுவில் ஒன்று அழுகியிருக்கும், அதை வீட்டுக்கு வந்துதான் மோந்து பார்க்க முடியும். தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் மட்டும் எப்போதும் வேறு ஊருக்குப் போகப் பார்க்கும். இருந்தாலும் மாசக் கடைசியில் கையில் கொஞ்சம் மிஞ்சுகிறதே, அதற்கு முன்னால் அழுகின வெங்காயம் ஒரு பொருட்டா என்று சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

அவள் மழலைப் பள்ளியில் வேலை பார்த்தாள். பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, தெருவுக்கே அவள் டீச்சர்தான். வீட்டுக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதானே தவிரப் பட்டத்திலிருந்து இல்லை, இன்றைக்கும் கண்டக்டர் வீடு என்றால்தான் தபால் வந்து சேரும். ஒரு காலத்தில் பஸ் பிதுங்கப் பிதுங்க ஆள் ஏறினாலும், யார் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை, யாருக்குச் சில்லறை பாக்கி, தூங்குகிற பெரியவரை எங்கே எழுப்பிவிடவேண்டும் என்பதையெல்லாம் ஓர் எழுத்து எழுதாமல் தலைக்குள்ளேயே வைத்திருந்த மனிதர்.

பெரிய கடைக்கு மாறலாம் என்று முதலில் சொன்னதே அவர்தான். டீச்சருக்கு மனசு வரவில்லை. முனைக்கடைக்காரரிடம் வருஷக்கணக்கான பழக்கம். ஒரு தீப்பெட்டி வாங்கினாலும் காகிதத்தில் மடித்து நூல் சுற்றித்தான் கொடுப்பார் என்பதால் அவருக்குப் 'பொட்டலம்' என்று பெயர். அந்தப் பெயர் அவருக்கும் தெரியும், கோபமில்லை.

"பொட்டலம் முகத்துல எப்படிங்க முழிக்கிறது?" என்றாள்.

"எதுக்கு முழிக்கணும்? பின்தெரு வழியா வந்தா போச்சு," என்றார் கண்டக்டர், வெடுக்கென்று.

விலைவாசி மேல் இருக்கிற எரிச்சலை மனுஷன் இப்படிக் காட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டாள். பின்தெரு என்பது மரியாதைக்குச் சொல்வது. அது இரண்டு மதில்களுக்கு நடுவில் ஒரு சந்து, ஒரு சாக்கடை, ஒரு முன்கோபக்கார நாய். பெரிய கடைப் பைகளைச் சுமந்துகொண்டு இருவரும் அதில் பதுங்கிப் பதுங்கி வருவதைப் பார்த்தால், திருடர்கள்கூட இதைவிடத் தைரியமாக நடப்பார்கள் என்று தோன்றும்.

போகப்போகக் கண்டக்டர் தனியாகவே போய்வர ஆரம்பித்தார். டீச்சர் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் அவருக்கும் பொழுது போகவேண்டுமே. போய்வந்தால் பையில் வேறு எது இருக்கிறதோ இல்லையோ, உப்பு இருக்கும். ஒரு நாள் ஒரு பாக்கெட், இன்னொரு நாள் இரண்டு. சமையலறை மேல்தட்டு நிரம்பி, கீழ்த்தட்டு நிரம்பி, கட்டிலுக்கு அடியிலும் உப்பு குடியேறியது.

"கடலையே பேரம் பேசி வாங்கிட்டு வந்துட்டீங்களா?" என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஆஃபர் டீச்சர். மூணு வாங்கினா ஒண்ணு சும்மா. உப்பு என்ன கெட்டா போகப்போகுது?"

பாயிண்டுதானே! உப்பு கெட்டுப்போகாது. அவளுக்கு உள்ளுக்குள் பெருமைகூட வந்தது. மற்ற வீடுகளில் ஆம்பிளைகள் கடைக்குப் போனால் சொன்னதில் பாதியும் சொல்லாததில் மீதியும் வாங்கிவந்து நிற்பார்கள். இவர் பாருங்கள், தேடிப்போய் மலிவைப் பிடித்துவருகிறார். "எங்க வீட்டுக்காரருக்கு ஆஃபர் எங்க இருக்குன்னு மூக்குல வேர்த்துடும்," என்று பள்ளியில் மற்ற டீச்சர்களிடம் வாய் ஓயாமல் சொன்னாள். அவர்களும் கண்வைக்காத குறையாகக் கேட்டார்கள். ஒருத்திக்கு இரண்டு பாக்கெட் உப்பைத் தூக்கித் தானமாகவே கொடுத்தாள்.

நடுவில் ஒரு சனிக்கிழமை அவளே கடைக்குப் போனபோது உப்பு வரிசையில் எந்த ஆஃபரும் எழுதியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டாள். "முடிஞ்சிருக்கும்," என்றார். இருக்கலாம். அந்தக் கடையின் குணமே அதுதான், இன்றைக்கு இருக்கும் மலிவு நாளைக்கு இருக்காது. யாரிடம் போய்ச் சாட்சி கேட்பது?

பொட்டலத்தின் கடைப் படியை அவள் மறுபடி மிதித்தது ஒரு பாட்டரிக்காக. சுவர்க்கடிகாரம் நின்றுவிட்டது. பெரிய கடையில் பாட்டரியை அட்டை அட்டையாகத்தான் விற்பார்கள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பள்ளி விட்டு வரும் வழியில், மானத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பொட்டலம் பாட்டரியை மடித்து நூல் சுற்றினார். "அண்ணன் எப்படி இருக்காரு அண்ணி?" என்றார்.

அந்தக் கேள்வியில் ஏதோ கனம் இருந்தது. வியாபாரம் போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டு டீச்சர் படபடவென்று ஆரம்பித்தாள். "தப்பா நினைக்காதீங்க. விலையெல்லாம் ஏறிப்போச்சு, ஒரு சம்பளத்துல..."

"அய்யோ, அதுக்குக் கேக்கல அண்ணி. எண்ணெய் அங்கதான் மலிவுன்னு நானே அங்கதான் வாங்குறேன்." கடையில் வேறு யாரும் இல்லை. இருந்தும் குரலைத் தாழ்த்தினார். "அண்ணன் இன்னும் உப்பு வாங்குறாரா?"

டீச்சருக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இங்கயும் அதான் அண்ணி. காலையில வாங்கிட்டுப் போவாரு. மத்தியானம் வந்து உப்பு குடுன்னு நிப்பாரு. காலையிலதான வாங்குனீங்க அண்ணேன்னு சொல்வேன். ஆமால்லன்னு சிரிச்சுட்டுப் போயிடுவாரு. அப்புறம் சாயங்காலமும் வருவாரு." நூல்கண்டைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "ஒரு நாள் கூட்டமா இருந்துச்சு. இன்னைக்கு இது மூணாவது தடவை அண்ணேன்னு சொல்லிட்டேன். சத்தியமா விளையாட்டாத்தான் சொன்னேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அவருக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். நீ யாருடா என் வீட்டுச் சாமானை எண்ணுறதுக்குன்னு கத்திட்டு இறங்கினவருதான். அதுக்கப்புறம் வரவே இல்ல."

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள்.

"எப்படி அண்ணி சொல்றது? உங்க வீட்டுக்காரருக்கு மறதின்னு ஒரு கடைக்காரன் வந்து சொல்ற விஷயமா? அன்னைக்கு நான் வாயை மூடிக்கிட்டு உப்பைக் குடுத்திருக்கணும்."

டீச்சர் முன்தெரு வழியாகவே வீட்டுக்கு நடந்தாள். அவளுக்கு யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. நாலு பேர் முன்னால் சொன்ன பொட்டலத்தின் மேலா, சொல்லவேண்டிய இடத்தில் சொல்லாத பொட்டலத்தின் மேலா? கேள்வியே கேட்காமல் அள்ளி அள்ளிக் கொடுத்த பெரிய கடை மேலா? கடைசியில் அது அவள் மேலேயே வந்து நின்றது. எந்தப் பிள்ளையின் முகம் வாடியிருக்கிறது, யார் வீட்டில் சண்டை என்று வாசலில் வைத்தே சொல்லிவிடுகிற டீச்சர் அவள். சொந்த வீட்டில் ஒரு மனிதர் கண்ணெதிரே தொலைந்துகொண்டிருந்திருக்கிறார், அவள் அதை ஆஃபர் என்று நினைத்து ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறாள்.

கண்டக்டர் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார். மேடை மேல் பை. பையில் என்ன இருக்கும் என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை.

"பொட்டலத்தைப் பாத்தேன்," என்றாள்.

அவர் அடுப்பை அணைத்தார். திரும்பவில்லை. "சொல்லிட்டானா?"

"ம்."

டீயை இரண்டு டம்ளரில் ஊற்றினார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "எனக்கும் தெரியும் டீச்சர். வீட்டை விட்டு இறங்குறப்ப எல்லாம் சரியாத்தான் இருக்கும். கடை வாசலுக்குப் போனதும் எதுக்கு வந்தோம்னு நின்னுடுவேன். வீட்ல என்னமோ இல்ல, என்னமோ இல்லன்னு மட்டும் உள்ள அரிச்சுக்கிட்டே இருக்கும். உப்பு இல்லாட்டி உன் சமையல் நின்னுடுமேன்னு கை அதுக்குப் போயிடும்."

"அதுக்காக அந்தக் கடையா?"

"அங்க யாரும் கேக்கறதில்லையே. பில் போடுற பொண்ணு நிமிர்ந்துகூடப் பாக்காது. ஒரே நாள்ல பத்துத் தடவை போனாலும் 'வாங்க சார்'தான். அது எவ்வளவு நிம்மதி தெரியுமா? ஊர்ல எல்லாருக்கும் சில்லறை பாக்கி ஞாபகம் வெச்சிருந்தவன் நான். என்னைப் பாத்து எண்ணிச் சொல்றானே, அதைத்தான் தாங்க முடியல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்," என்றார். "மறந்துபோச்சு."

வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னார். அவர் கண்ணில் அந்தப் பழைய குறும்பு தெரிந்தது. அடக்குவதற்குள் டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு அழுகையும் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் பள்ளிக்கூடத்துல போய்ப் பெருமை பேசிட்டிருந்தேங்க," என்றாள்.

"தெரியும். எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. மறதிக்காரன்னு பேர் வாங்குறதுக்கு ஆஃபர்காரன்னு பேர் வாங்குறது எவ்வளவோ தேவல."

மறுநாளே லீவு போட்டுவிட்டு அவரை டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் ஏதேதோ கேட்டார், படம் வரையச் சொன்னார், மாத்திரை எழுதினார். ஞாபகம் மெள்ள மெள்ளத்தான் போகும், ஆனால் திரும்பி வராது என்றார். வெளியே வந்து கண்டக்டர், "திரும்பி வராத பஸ்ஸுக்கு எதுக்கு இவ்வளவு சோதனை?" என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

சனிக்கிழமை வந்தது. வீட்டில் உண்மையாகவே அரிசியும் எண்ணெயும் தீர்ந்திருந்தன. பொட்டலத்திடம் போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு அங்கேயே வாங்கலாமே என்று அவளுக்கு ஆசை. தெரிந்த ஆள் ஒருத்தர் தெருமுனையில் இருப்பது இனிமேல் வேண்டியிருக்கும். கண்டக்டர் தலையாட்டி மறுத்தார். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். அங்க நின்னா இன்னும் அந்தச் சிரிப்புதான் கேக்குது."

அவள் வற்புறுத்தவில்லை. தெரிந்தவர்கள் இருக்கிற இடத்தில் நிற்பதற்கும் ஒரு தெம்பு வேண்டும், அது இப்போது அவரிடம் இல்லை என்று புரிந்தது.

"பெரிய கடைக்கே போவோம். நீயும் வா," என்றார். "ஆனா ஒரு கண்டிஷன். நான் எதை எடுத்தாலும் அங்க வெச்சு நீ ஒண்ணும் சொல்லக்கூடாது."

டீச்சர் வேலை பார்க்கிற ஒருத்தியிடம் இப்படி ஒரு வரம் கேட்பது அநியாயம். ஆனாலும் சரி என்றாள்.

கடையில் வண்டியை அவர்தான் தள்ளினார். அரிசி, எண்ணெய், பருப்பு, எல்லாம் சரியாகத்தான் எடுத்தார். உப்பு வரிசை வந்தது. கை தானாக நீண்டது. ஒரு பாக்கெட்டை எடுத்து வண்டியில் வைத்தார். டீச்சர் பக்கத்து அலமாரியில் மிளகாய்த்தூள் விலையைப் படித்துக்கொண்டிருப்பதுபோல நின்றாள். சொல்லிவிடு சொல்லிவிடு என்று நாக்கு துடித்தது. வீட்டில் இருக்கும் உப்பில் இன்னொரு பாக்கெட் சேர்ந்தால் என்ன குடியா முழுகிவிடும் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

நாலடி தள்ளிப் போன வண்டி நின்றது. கண்டக்டர் பாக்கெட்டைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, புது ஊரில் அடுத்த ஸ்டாப் எது என்று விசாரிக்கிற பயணியைப் போலத் தயங்கித் தயங்கி, "டீச்சர், வீட்ல உப்பு இருக்கா?" என்று கேட்டார்.

இத்தனை மாதங்களில் அவர் அவளிடம் அதைக் கேட்டது அன்றைக்குத்தான்.

"இருக்குங்க," என்றாள்.

"நிறைய இருக்கா?"

"போதும்ங்கற அளவுக்கு இருக்கு."

அவர் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தார். முகம் தெளிந்திருந்தது. சோப்பு எடுத்தார்கள், பல்பொடி எடுத்தார்கள், ஒரு பிஸ்கட் பாக்கெட் வேண்டுமா வேண்டாமா என்று சண்டைகூடப் போட்டார்கள். பில் போடும் வரிசையில் முன்னால் இருவர்தான் பாக்கி. கண்டக்டர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார், எதையோ தேடினார், அவள் காதருகில் குனிந்தார்.

"டீச்சர், வீட்ல உப்பு இருக்கா?"

"இருக்குங்க," என்றாள், முதல் தடவை கேட்டவருக்குச் சொல்வதுபோல.