அடைத்த பல்

பிணவறை டாக்டர் நல்ல மனிதர். கேட்டதையும் மெதுவாகத்தான் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரருக்குப் பல் ஏதாவது அடைச்சிருக்காம்மா? இடது பக்கம், கீழ்க் கடவாய்ப்பல்லு?"

அண்ணி நிமிர்ந்தாள். புருஷன் லோடு ஏற்றும் பெயிண்ட் கிடங்கு தீப்பிடித்து, முகம் தெரியாமல் கருகிய உடம்பு ஒன்று கிடைத்ததிலிருந்து குனிந்தே கிடந்த தலை அது. "இல்லைங்க. அவரு வாயில டாக்டர் கையே பட்டதில்ல. எப்பவும் வேப்பங்குச்சிதான். அப்போ இது அவரு இல்ல!"

சொல்லும்போதே அவள் முகத்தில் உயிர் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற கொழுந்தனின் கையைப் பிடித்து உலுக்கினாள். "கேட்டீங்களா தம்பி? இது வேற யாரோ. உங்க அண்ணன் லோடு ஏத்திக்கிட்டு எங்கயாவது வெளியூர் போயிருப்பாரு."

 அண்ணனுக்கு அந்தப் பல்லை அடைத்த அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனே இந்தத் தம்பிக்காரன்தான்.

அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் வேறு சண்டையே கிடையாது. பல் தேய்ப்பதில்தான் தினமும் பஞ்சாயத்து. விடிந்ததும் அண்ணன் வாயில் குச்சியைச் செருகிக்கொண்டு வாசலில் நிற்பான். அண்ணி பேஸ்ட் நுரையோடு குழாயடியில் நிற்பாள். அவளுக்கு மூன்று பல் அடைத்திருந்தது. "உன் வாயைக் கட்டின கொத்தனாரு யாருடி?" என்று அவன் கேட்காத நாள் இல்லை. "ஆடு மாதிரி மென்னுட்டு நிக்கிறவருக்குப் பேச்சைப் பாரு" என்று அவளும் விடமாட்டாள்.

அப்படி வாய்ச்சவடால் அடித்தவனுக்கே பல் சொத்தையானால் என்ன செய்வான்? வீங்கிய கன்னத்தைப் பொத்திக்கொண்டு தம்பியின் சைக்கிள் பட்டறையில் வந்து உட்கார்ந்தான். தம்பிதான் பல் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனான். அந்தம்மா குச்சியைத் திட்டவில்லை. "மேல்பக்கம் நல்லாத்தான் சுத்தமா இருக்கு. ஆனா ரெண்டு பல்லுக்கு நடுவுல குச்சி போகலையே, அங்கதான் சொத்தை. பேஸ்ட்டுல இருக்குற ஃப்ளோரைடும் குச்சியில கிடையாது. அடைச்ச பல்லோட ஓரத்தைக் குச்சி நாரால குத்தாதீங்க. மெத்துன்னு ஒரு பிரஷ் வாங்கிக்குங்க" என்றாள்.

வெளியே வந்ததும் அண்ணன் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "உங்க அண்ணிக்கு மட்டும் தெரிஞ்சுது, அந்த வீட்டுல நான் தலைகாட்ட முடியாதுடா."

அதற்குப் பிறகு வீட்டில் ஒப்புக்கு ஒரு குச்சி. அசல் துலக்கல் எல்லாம் பட்டறையில், கிரீஸ் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்த பேஸ்ட்டில். அதைப் பார்த்துத் தம்பி விழுந்து விழுந்து சிரித்திருக்கிறான். 

"அப்போ யாரும் கேட்டு வராத உடம்புன்னு எழுதிடறேன். மூணு நாள் கெடு முடிஞ்சிடுச்சு, சாயங்காலம் மாநகராட்சி ஆளுங்க எடுத்துட்டுப் போயிடுவாங்க" என்று டாக்டர் உள்ளே போகத் திரும்பினார்.

அண்ணி வாசலுக்கே போய்விட்டாள். வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டுமாம், மனிதர் பசியோடு வருவாராம். அவள் அவசர அவசரமாகச் செருப்பு மாட்டுவதைத் தம்பிக்காரன் பார்த்துக்கொண்டு நின்றான். வாயை மூடிக்கொண்டால் இவளுக்கு ஒரு நம்பிக்கையாவது மிஞ்சும். கூடப்பிறந்தவனோ நாதியற்ற பிணமாக மண்ணுக்குள் போவான். இரண்டில் எது பெரிய பாவம் என்று அவனுக்குச் சொல்ல யாரும் இல்லை.

"டாக்டர், கொஞ்சம் இருங்க" என்றான். பிறகு வாசலைப் பார்த்து, "அண்ணி."

"வாங்க தம்பி, நேரமாச்சு."

"அண்ணனுக்குப் பல் அடைச்சிருந்துச்சு அண்ணி. அந்தப் பல்லுதான். நான்தான் கூட்டிட்டுப் போனேன். நீங்க கேலி பண்ணுவீங்கன்னு சொல்ல வேண்டாம்னாரு."

"பொய்" என்றாள் அண்ணி. "அவரு வாயில ஒண்ணு நடந்தா எனக்குத் தெரியாமப் போயிடுமா?"

அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அவள் அவனையே பார்த்தாள். மாட்டிய செருப்பைக் கழற்றினாள். சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். "நான் என்னத்தைங்க கேலி பண்ணிடப்போறேன்" என்று உள்ளே இருந்தவனிடம் சொன்னாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று தம்பிக்காரனுக்குத் தோன்றியது.

பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"ரொம்ப வலிச்சிருக்குமா தம்பி, அவருக்கு?"

எதைக் கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும், தனக்குப் பதில் தெரிந்த வலியைப் பற்றியே சொன்னான்.

"இல்ல அண்ணி. ஊசி போட்டு மரத்துப்போக வச்சிட்டாங்க. அவருக்கு ஒண்ணுமே தெரியல."