நான்காம் தடம்

காலை ஏழே முக்காலுக்கு ஒலிபெருக்கி இன்னும் இரண்டு பெற்றோர் வேண்டும் என்றது. நீந்துபவர்களின் நேரம் குறிக்க, கடிகாரம் பிடிக்க. அவர்கள் வந்து சேரும்வரை நீச்சல் போட்டி தொடங்காது.

மார்னி முன்பே பெயர் கொடுத்திருந்தாள். கடிகாரம் பிடிப்பவர்கள் குளத்தின் விளிம்புவரை வரலாம். மற்றப் பெற்றோர் கயிற்றுக்கு அப்பால், புல்லில், கூடாரங்களின் அடியில். அவளுக்கு இரண்டாம் தடம் போட்டிருந்தார்கள். பெயர் பதியும் மேஜையில் இருந்த லொரெய்னிடம் கேட்டு நான்காம் தடத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

"உன் பொண்ணு டெஸ்ஸா அதுலதானே நீந்துறா?" என்றாள் லொரெய்ன்.

"ஆமா."

"கத்தக் கூடாது. கடிகாரம் கையில இருக்கறவரைக்கும் வாயத் திறக்கவே கூடாது, தெரியும்ல?"

"எனக்கா சொல்றே?"

"உனக்குத்தான். போன வருஷம் நீ போட்ட சத்தத்துல அங்க ஒருத்தன் ஹாட் டாக்க நெருப்புலயே போட்டுட்டான்."

டெஸ்ஸாவுக்குப் பத்து வயது. பட்டர்ஃபிளை நீச்சலில் முடிவுச் சுவரை இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். டெஸ்ஸாவின் இடது கை முந்திக்கொள்ளும். இந்தக் கோடையில் போன எல்லாப் போட்டியிலும் அதற்காக அவளை நீக்கிவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை இறுதிப் போட்டி. அதில் நீந்த, ஒருமுறையாவது தப்பில்லாமல் முடித்திருக்க வேண்டும். மிச்சம் இருந்தது இன்றைய போட்டி மட்டும்.

காரில் வரும்போது டெஸ்ஸா பின்சீட்டிலிருந்து சொன்னாள். "இன்னிக்கும் கையத் தூக்குனாங்கன்னா நான் இனிமே நீந்தவே மாட்டேன்."

ஓட்டியது பக்கத்து வீட்டு டார்லா. "இன்னிக்குக் கையத் தூக்கற ஆளு நாந்தான்டி," என்றாள். "தண்ணியில இறங்குறதுக்குள்ள எனக்கு ஒரு டோனட் வாங்கிக் குடுத்துடு."

மார்னி சிரித்தாள். டெஸ்ஸா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுவர் வேலைக்கு யாரும் முன்வரவில்லை. நடுவர் இல்லாமல் போட்டி நடத்த முடியாது. அதனால் வசந்தத்தில் டார்லா வகுப்புக்குப் போய் வந்தாள். முடிவுச் சுவரின் மூலையில் நிற்பது, தப்பைக் கண்டால் ஒரு கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்குவது. வேலை அவ்வளவுதான். அவள் அதை மார்னியின் சமையலறையில் பழகினாள். "பஸ்ஸ நிறுத்துற மாதிரி இருக்கு," என்று மார்னி கேலி செய்தாள்.

நான்காம் தடத்தில் மார்னியுடன் எதிர் அணித் தகப்பன் ஒருவர் நின்றார். பெயர் ரஸ். கழுத்து வெயிலில் சிவந்திருந்தது.

"ஆரம்ப விளக்கப் பாத்து அழுத்துங்க, சத்தத்தக் கேட்டு அழுத்தாதீங்க," என்றார். "கடைசியில நல்லாக் குனிஞ்சு சுவரைப் பாக்கணும். கொஞ்சம் தண்ணி மேல படும். கடிகாரம் பிடிக்க வந்தா நனையத்தான் வேணும்."

சிறுவர் பந்தயங்கள் முடிந்தன. ஒரு சிறுமி பாதி வழியில் தடத்தைப் பிரிக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். புல்வெளி முழுதும் அவளுக்காகக் கை தட்டியது.

பத்து வயதுப் பெண்கள் எதிர் முனையில் மேடை ஏறினார்கள். ஒரே நீளம், திரும்புதல் கிடையாது. டெஸ்ஸா தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டாள். கூட்டம் அடங்கியது. விளக்கு மின்னியது. மார்னி அழுத்தினாள்.

டெஸ்ஸா நன்றாக வந்தாள். பாதியில் ஐந்தாம் தடத்துப் பெண்ணை முந்தினாள். மார்னி கத்தவில்லை. குனிந்தாள். ரஸ்ஸும் குனிந்தார்.

இடது கை சுவரைத் தொட்டது. வலது கை இன்னும் தண்ணீரில் இருந்தது. பிறகு அதுவும் வந்தது.

"பத்தொன்பது புள்ளி எட்டு," என்றார் ரஸ். "உங்களுது?"

மார்னி கையைப் பார்த்தாள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"விடுங்க. என்னுத எழுதிக்கலாம்."

மூலையில் டார்லாவின் கை மேலே நின்றது.

தலைமை நடுவர் ஹோல்ட்மன் அவளிடம் வந்தார். வயதானவர். மெதுவாகப் பேச முயன்றார், வரவில்லை. நான்காம் தடம்வரை கேட்டது.

"என்ன பாத்தீங்க?"

"நாலாவது தடம். இடது கை முதல்ல தொட்டுச்சு. வலது அப்புறமா."

"நடுவுல ரெண்டு புள்ளைங்க தண்ணியப் போட்டு அடிக்கறாங்க. நீங்க பாத்தீங்களா, இல்ல அப்படித்தான் இருக்கும்னு நினைச்சீங்களா? தப்பா எடுத்துக்காதீங்க, எல்லார்கிட்டயும் இதக் கேப்பேன். சந்தேகம்னா புள்ளை பக்கம் விட்டுடணும்."

கடிகாரம் பிடிப்பவர்களிடம் அவர் கேட்கமாட்டார். கேட்கக் கூடாது என்பது விதி.

டார்லா மார்னியைப் பார்த்தாள். தொட்ட இடத்துக்கு நேர் மேலே நின்றவள் மார்னி. அது டார்லாவுக்குத் தெரியும்.

தப்பு எதுவும் நடக்கவில்லை என்பதுபோல மார்னி தலையை அசைத்தாள். மிகச் சிறிய அசைவு.

"நிச்சயமா சொல்ல முடியல," என்றாள் டார்லா.

"அப்ப கைய இறக்கிக்குங்க. ஒண்ணும் தப்பில்ல."

டார்லா கையை இறக்கினாள். அடுத்த குழு மேடை ஏறியது. அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடி இந்தப் பக்கம் திரும்பவில்லை.

ரஸ் நேரத்தை எழுதினார்.

"உங்க பொண்ணா?"

"ஆமா."

"வேகமா வர்றா," என்றார். சட்டை நுனியால் கடிகாரத்தைத் துடைத்தார்.

டெஸ்ஸா ஏணியில் ஏறி, நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு வந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மார்னி அவள் தோளில் துண்டைப் போட்டாள்.

"மிஸ் டார்லா கையத் தூக்குனாங்க," என்றாள் டெஸ்ஸா. "நான் பாத்தேன்."

"இறக்கிட்டாங்கடா. உன் நேரத்த எழுதியாச்சு. அடுத்த சனிக்கிழமை நீ நீந்தலாம்."

"அவங்க ஏன் இறக்குனாங்க?"

"அவங்களுக்கு அங்கேருந்து சரியாத் தெரியல."

டெஸ்ஸா நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். கண்களைச் சுற்றிச் சிவப்பு வளையம்.

"நீ என் தலைக்கு மேலதானே நின்னே. ரெண்டு கையும் சேந்து தொட்டுச்சாம்மா?"