இரவல் சேவல்

ஐந்து வருஷமாக டெல்மிரா கோழிகளைப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தாள். லெம்பீரா மலைச்சரிவில் எல்லார் வீட்டிலும் மேய்வது கழுத்துமொட்டைக் கோழிதான். வெயில் தாங்கும், பருந்துக்குத் தப்பும். ஆனால் அறுத்தால் ஒரு வேளைக்குக் காணாது. பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். அவற்றோடு கனத்த சிவப்புச் சேவலைச் சேர்த்தாள். பிறந்தவற்றில் எடையும் முட்டையும் உள்ளதை நிறுத்திக்கொண்டு மற்றதைக் குழம்பு வைத்தாள்.

"எனக்குப் பொண்ணு பாக்கும்போது எங்கம்மாகூட இவ்வளவு யோசிக்கல" என்பான் கணவன் ஃபாவுஸ்தோ.

இப்போது பதினேழு பெட்டைகள். கழுத்து மொட்டை, உடம்பு கனம், ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை. சரிவில் பாதிப் பேர் அடைமுட்டை கேட்டு வைத்திருந்தார்கள். ஆனால் பழைய சேவல் எல்லாவற்றுக்கும் தகப்பனாகிவிட்டது; வேற்று ரத்தம் வேண்டும். சந்தையில் புதுச்சேவல் ஒன்றை வாங்கி வந்தாள். புதுக்கோழியைப் பதினைந்து நாள் தனியே கட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மழைக்கு முன் அடைவைக்கும் அவசரத்தில் இரண்டே நாளில் அவிழ்த்துவிட்டாள்.

வேலிக்கு அந்தப்பக்கம் ஃபாவுஸ்தோவின் அக்கா நிகோலாசாவின் வீடு. அவள் மகள் ஜெசேனியாவுக்கு நிறைமாதம். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாளும் கோழிச்சாறு கொடுக்க வேண்டும். அதற்கென்றே நிகோலாசா இருபத்திரண்டு பெட்டைகள் வளர்த்திருந்தாள்.

"மூணு நாளைக்கு உன் புதுமாப்பிள்ளையை அனுப்பு புள்ள. எம் பெட்டைங்களும் கொஞ்சம் சதை போடற குஞ்சு பொரிக்கட்டும்" என்று சேவலை இரவல் கேட்டாள்.

அவள் சேவலை வாங்க வந்த காலையில் அது இறகைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. காலடியில் பச்சையாகக் கழிந்திருந்தது. டெல்மிரா பார்த்தாள். வாயைத் திறந்தால் தன் வீட்டுக் கோழிக்கு நோய் என்று மத்தியானத்துக்குள் மலை முழுக்கத் தெரிந்துவிடும்; அப்புறம் அவளிடம் ஒரு முட்டை யார் வாங்குவார்கள்? வண்டியில் வந்த அலுப்பாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, குனிந்து தூக்கிக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் சேவல் செத்தது. அடுத்த வாரம் இரண்டு முற்றத்திலும் பெட்டைகள் கழுத்தை முறுக்கிக்கொண்டு, வாயில் நீர் வழிய வட்டமாகச் சுற்றின. சுற்றிச் சுற்றி விழுந்தன. ஃபாவுஸ்தோ குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி மூடினான். நிகோலாசாவிடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. டெல்மிராவிடம் இரண்டு பிழைத்தன. கழிச்சல் நோய் மேல்சரிவுக்கும் ஏறியது.

ஜெசேனியாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பெற்றவளுக்கு அவரைக்கொட்டை வேகவைத்த தண்ணீரைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பால் சுரக்கவில்லை. பிள்ளை அழுவது வேலி தாண்டிக் கேட்டது.

பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் டெல்மிரா அங்கே போனாள். நிகோலாசா சோளம் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, அன்னிக்கே அதுக்கு ஒடம்பு சரியில்ல. பார்த்தேன். பார்த்துட்டுத்தான் குடுத்தேன்."

அரைக்கும் கை நின்றது. நிகோலாசா மாவை வழித்து ஒதுக்கினாள்.

"சொல்லியிருந்தா உன்னைத் திட்டியிருப்பேன். மறுநாளே மறந்துருப்பேன். போ."

டெல்மிரா வீட்டுக்கு வந்து மிஞ்சிய இரண்டையும் பார்த்தாள். ஒன்று முட்டையிடத் தொடங்கியிருந்தது. அவற்றை வைத்து மறுபடி ஆரம்பிக்கலாம். இன்னும் ஐந்து வருஷம்.

"ரெண்டையுமா?" என்றான் ஃபாவுஸ்தோ, அவள் கத்தியை எடுத்தபோது.

"ஒண்ணு எத்தனை நாளைக்கு வரும்?"

சாறு வைத்துப் பானையோடு போய் வாசலில் நின்றாள். நிகோலாசா உள்ளே வா என்று சொல்லவில்லை. பானையை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். உள்ளே ஜெசேனியா, "யாரும்மா?" என்று கேட்டாள். கிண்ணத்தில் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

பிள்ளை பிழைத்தது. அதன் ஞானஸ்நானத்துக்குத் தம்பியை மட்டும் அழைத்தாள் நிகோலாசா. ஃபாவுஸ்தோ போய்விட்டு வந்தான். என்ன சாப்பாடு போட்டார்கள் என்று டெல்மிரா கேட்கவில்லை.