வீரமுத்து வீட்டு மோடம்

சட்டையைக் கழற்றியபோது பையிலிருந்து இரண்டு திருகாணிகள் விழுந்தன. ஒன்று தண்ணீர் வாளிக்குள் போய்விட்டது. மற்றது சிமெண்டுத் தரையில் உருண்டு, தம்புசாமியின் கால் கட்டைவிரலில் முட்டி நின்றது.

"என்னாடா இது, ஸ்குரு?" என்று தம்புசாமி தம்பியைப் பார்த்துத்தான் கேட்டார். ஐம்பத்தெட்டு வருடப் பழக்கம். தம்பி வீரமுத்து பலகையில் கண்மூடிப் படுத்திருந்தார். பதில் சொல்லும் நிலையில் இல்லை.

புது வேட்டியோடு சமையலறை வாசலில் நின்றிருந்த மகள் புனிதாதான் பதில் சொன்னாள். "குடுங்க பெரியப்பா. அது அப்பா கம்புட்டரோடது."

"குளிப்பாட்டற நேரத்தில கம்புட்டரா?"

"வாளியில ஒன்னு கெடக்கு. அதையும் எடுத்துக் குடுங்க."

தம்புசாமி வாளிக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவி எடுத்துக் கொடுத்தார். புனிதா இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அன்று காலை ஆறரைக்கு, மலாக்காவின் பத்து பெரண்டாம் வட்டாரத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்த வீரமுத்து, உடுப்புகூட மாற்றாமல் கணினியின் மூடியைத் திறந்துவைத்து உட்கார்ந்தார். "நாயகி, ஒரு கோப்பி" என்றார். மனைவி பெரியநாயகி கோப்பி கலக்கி எடுத்துவந்தபோது அவர் இல்லை. ஏழரைக்கு வந்த டாக்டர், நெஞ்சடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எதையும் சட்டென்று செய்யாதவர், இதை மட்டும் அப்படிச் செய்துவிட்டாரே என்றுதான் வந்தவர்கள் எல்லாரும் வியந்தார்கள். மின்விசிறி வாங்க அவர் யோசித்து முடிப்பதற்குள் பெரியநாயகி இரண்டு பிள்ளைகளைப் பெற்று, மூத்தவனைப் பள்ளிக்கும் அனுப்பிவிட்டாள். நம்பாதவர்கள் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தையும் விசிறியின் ரசீதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கடிகாரமும் ரேடியோவும் ஒன்றாயிருந்த ஒரு சாமானை ஒருமுறை அவசரப்பட்டு வாங்கினார். கடிகாரம் நின்றது. அதன்பிறகு அந்த ரேடியோவில் முந்திய நாள் செய்திதான் வந்தது. அன்றிலிருந்து அவருக்கு ஒரே கொள்கை: ரெண்டு வேலை செய்யற சாமான் ரெண்டையும் கெடுக்கும்.

கடைசியாக யோசித்தது மோடம். தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியை வெளியுலகத்தோடு பேசவைக்கும் கருவி. கணினிக்கு உள்ளேயே செருகிவிடுகிற அட்டையாகவும் கிடைத்தது. வெளியே தனியாக வைக்கிற பெட்டியாகவும் கிடைத்தது. கார்டிஃபில் பொறியியல் படிக்கும் மகன் யுகேந்திரன், "உள்ளே வைப்பதே போதும், விலையும் குறைவு, இடத்தையும் அடைக்காது" என்று எழுதியிருந்தான். வீரமுத்துக்கோ பெட்டிமேல்தான் ஆசை. அதில் சிவப்பு விளக்குகள் மினுக்கும். என்ன செய்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். உள்ளே இருப்பது என்ன செய்கிறதென்று யாருக்குத் தெரியும்? மலாக்காவில் கணினிக் கடை வைத்திருந்த ஜெயரட்ணத்திடம் மூன்று மாதம், சனிக்கிழமை தவறாமல் போய்க் கேட்டார். அவருடைய கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே ஜெயரட்ணத்தின் திக்குவாய் குணமாகிவிட்டது. கடைசியில் ஜெயரட்ணம் இரண்டையும் கையில் கொடுத்து, வீட்டில் போட்டுப் பார்த்து ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள் என்று அனுப்பிவைத்தார். அது போன சனிக்கிழமை.

குளிப்பாட்டி, வேட்டி கட்டி, கூடத்தில் கிடத்தினார்கள். தலைமாட்டில் விளக்கு. காசெட்டில் தேவாரம்.

"நாலு மணிக்கு எடுத்துடணும். வேனுக்குச் சொல்லியாச்சி" என்றார் தம்புசாமி.

"அண்ணனுக்கு இன்னும் தெரியாது பெரியப்பா."

"அவன் கேள்விப்பட்டு, டிக்கெட் எடுத்து வர ரெண்டு நாளாகும்லா. கொள்ளி வைக்க நம்ம கவிநேசன் இருக்கான். என் மவன்னா அவனுக்கும் மவன்தானே."

"நான் வேணாங்கல. அண்ணனுக்குத் தெரியாம அவன் எடத்தில இன்னொருத்தன் நிக்கக்கூடாது. ஒரு வார்த்த சொல்லணும். சரின்னு அவன் சொல்லணும்."

"சொல்லு. யாரு வேணாங்கிறா?"

எப்படிச் சொல்வது? யுகேந்திரன் போன மாதம்தான் விடுதியைக் காலி செய்து நண்பர்களோடு ஒரு வீட்டுக்கு மாறியிருந்தான். அங்கே தொலைபேசி இல்லை. பல்கலைக்கழக அலுவலகம் திறக்கும்போது இங்கே மாலை ஐந்தாகிவிடும். தந்தி போய்ச் சேரும் நேரத்துக்கு அப்பாவின் சாம்பல் ஆறியிருக்கும். இருந்தது மின்னஞ்சல் ஒன்றுதான். இறுதியாண்டுப் பையன், கணினிக் கூடத்திலேயே தூங்கி எழுகிறவன். போட்டால் பார்ப்பான். புனிதா கூடத்துக்கும் அறைக்கும் நடந்தாள். மூடி திறந்த கணினி அறையில் அப்படியே கிடந்தது. கூடத்தில் தொலைபேசி ஓயாமல் அடித்தது. எடுத்தவர்கள் எல்லாம், "ஆமா, காலையில. ஆமா, நாலு மணிக்கு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றரை மணிக்கு ஜெயரட்ணம் மாலையோடு வந்தார். நில அளவை அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்; எங்கே போனாலும் டை கட்டுவார். மாலையைப் போட்டுவிட்டுக் கைகூப்பி நின்றவரைப் புனிதா அறைக்கு அழைத்துப்போனாள்.

"அங்கிள், ஒங்க கடையிலேருந்து அனுப்ப முடியுமா?"

"கடையில எண்டால் ஒரு நிமிச வேலை, பிள்ளை. முன்னால ரோட்டைக் கிண்டி லைனை அறுத்துப்போட்டாங்கள். மூண்டு நாளாச்சுது."

"அப்போ இதுல?"

ஜெயரட்ணம் மேசையைப் பார்த்தார். ஒரு பக்கம் அட்டை, ஒரு பக்கம் பெட்டி. "ஐயா கடைசியா எதை முடிவு பண்ணினவர்?"

"தெரியல அங்கிள்."

அவர் டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டார். முதலில் அட்டையைச் செருகினார். அதற்குத் தனி மின்சாரம் வேண்டாம். அறையில் ஒரே பிளக்தான், அதில் கணினியும் திரையும் ஏற்கெனவே தொங்கின. புனிதா முந்தானை முடிச்சை அவிழ்த்துத் திருகாணியைக் கொடுத்தாள். முடுக்கி, இயக்கியதும் மவுஸ் செத்துவிட்டது. அட்டையைக் கழற்றினால் உயிர் வந்தது. மாட்டினால் போனது. மூன்று தடவை இப்படி.

"ரெண்டும் ஒரே வாசலுக்குச் சண்டை பிடிக்குது" என்றார் ஜெயரட்ணம். "சரிக்கட்டலாம். ஆனா பின்னேரம் ஆகிடும். பெட்டியைப் போடுவம்."

பெட்டிக்குத் தனி பிளக் வேண்டும். வீட்டில் நீள ஒயர் ஒன்றுதான். அது கூடத்திலிருந்து காசெட்டுக்குப் போயிருந்தது. புனிதா அதில் கைவைத்ததும், வீரமுத்தின் தங்கை குஞ்சம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, தேவாரம் நின்னா உசுரு தெசை தெரியாம அலையும்லா."

"அவன் உசுரோட இருந்தப்பவே பசார்ல போயி, எந்தப் பக்கம் திரும்பறதுன்னு ரெண்டு மணி நேரம் நிப்பான்" என்றார் தம்புசாமி. "விடு. பிள்ள அனுப்பட்டும்."

"அப்போ நானே பாடறேன்."

குஞ்சம்மாவுக்குத் தேவாரத்தில் நாலு வரி தெரியும். அந்த நாலு வரியையே திரும்பத் திரும்பப் பாடினாள். முதல் அரைமணி நேரம் உருக்கமாகத்தான் இருந்தது.

தொலைபேசியைக் கூடத்திலிருந்து கழற்றி, கம்பியோடு அறைக்குக் கொண்டுவந்து, இரண்டையும் பெட்டியின் முதுகில் செருகினார் ஜெயரட்ணம். விளக்குகள் எரிந்தன. பெட்டி எண்களைச் சுழற்றியது; ஓலமிட்டது. சாவு வீட்டில் அந்த ஓலம் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. எட்டாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. ஜெயரட்ணத்தின் மின்னஞ்சல் பெட்டியில்தான் வீரமுத்துக்கும் கடிதம் வரும். நேற்று இரவு வந்த ஒன்று பிரிக்காமல் கிடந்தது. அனுப்பியவர் யுகேந்திரன். தலைப்பு: மோடம், ஐந்தாம் தடவை.

"இதைப் பிறகு பாப்பம்" என்று ஜெயரட்ணம் நகர்த்திவிட்டார்.

புனிதா தட்டினாள். அப்பா காலையில் போய்விட்டார். நாலு மணிக்கு எடுக்கிறார்கள். கொள்ளி கவிநேசன் வைக்கலாமா? உடனே பதில் எழுது. அனுப்பினாள். மணி இரண்டே முக்கால்.

"எட்டுத் தரம் அடிச்சுப் பிடிச்சது. அறுத்தால் திரும்பக் கிடைக்குமோ தெரியாது. அப்பிடியே விட்டுவை" என்று சொல்லிவிட்டு ஜெயரட்ணம் வெளியே பந்தலில் போய் உட்கார்ந்தார்.

புனிதா விட்டுவைத்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நிமிடத்துக்கு ஒருமுறை அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்தாள். மூன்று. மூன்றேகால். எழுந்து போய் அப்பாவின் காலைத் தொட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. யாரோ வாசலில் நிழலாடினால், "ஒயர மிதிக்காதீங்க" என்றாள். அம்மா ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தாள். திரையில் என்ன இருக்கிறதென்று கேட்காமலே திரும்பிப் போனாள்.

"காலையிலேருந்து கத்திக்கிட்டுக் கெடந்த போனு, இப்பதான் வாய மூடிச்சி" என்று தம்புசாமி யாரிடமோ சொல்வது கேட்டது.

மூன்றே முக்காலுக்கு வேன் வந்து நின்றது. பாடை கட்டியாகிவிட்டது. வாய்க்கரிசிக்குப் பெண்கள் சுற்றி வந்தார்கள்.

"புனிதா, வாம்மா. நேரமாச்சி."

"அஞ்சு நிமிஷம் பெரியப்பா."

"பத்து நிமிஷமா அஞ்சு நிமிஷம்ங்கிற."

"இன்னும் பாக்கலையோ என்னவோ."

"பாத்தா பாக்கறான். வேன்காரனுக்கு இன்னொரு வீடு இருக்காம்."

குஞ்சம்மாவின் குரல் அதற்குள் கட்டிவிட்டது. நாலு வரி இரண்டு வரியாகி, இரண்டு வரி இருமலாகியிருந்தது. தூக்குகிற நேரத்தில் சாமி பாட்டு இல்லாமல் எப்படி? அவள் நேரே அறைக்கு வந்தாள். ஒயரில் செருகியிருந்த பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். சிவப்பு விளக்குகள் ஒரே சமயத்தில் அணைந்தன.

"அத்த!"

"போதும்மா. அவன் போவட்டும்" என்று குஞ்சம்மா ஒயரை இழுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

காசெட் இன்னும் பாடத் தொடங்கவில்லை. தொலைபேசி அடித்தது.

புனிதா எடுத்தாள். தூரத்து இரைச்சல். அப்புறம் குரல்.

"புனிதா?"

"ம்."

"ஒரு மணி நேரமா அடிக்கிறேன். ரோட்டு பூத்துலேருந்து. என்கேஜ், என்கேஜ்."

அதுவரை லைனைப் பிடித்து வைத்திருந்த பெட்டியை அவள் பார்த்தாள்; பிறகு திரையைப் பார்த்தாள். தொடர்பு துண்டிக்கப்பட்டது என்று எழுதியிருந்தது.

"எடுத்துட்டாங்களா?"

"இல்ல. இங்கதான் இருக்காரு."

"கவிநேசன் செய்யட்டும்" என்றான். பிறகு, "போன் கார்டுல இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு."

"சரி."

அங்கே ஏதோ ஒரு பஸ் கடந்து போவது கேட்டது. புனிதா குழலைக் காதிலிருந்து எடுத்தாள். அறை வாசலுக்கு நடந்தாள். சுருள் கம்பி இழுபட்டு நேராகி, நிலைப்படியோடு நின்றுவிட்டது. பாடைக்கு இன்னும் நாலு முழம் இருந்தது. அவள் கையை முழுவதும் நீட்டி, குழலை அப்பாவின் பக்கமாகப் பிடித்தாள். "அண்ணன்" என்றாள்.

தம்புசாமி அவளைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வாசலை நோக்கி ஒரு கையை உயர்த்தினார்; வேனின் எஞ்சின் நின்றது.

குஞ்சம்மா காசெட் பொத்தான்மேல் வைத்த விரலை அழுத்தாமல் இருந்தாள். பாடையைத் தூக்கக் குனிந்த நால்வரும் குனிந்தபடியே நின்றார்கள்.