இடது இருக்கை

'தன் கைகளால் உயிர் கொடுத்த மனிதனை இரும்பு ஒருபோதும் கைவிடுவதில்லை.' இந்த மகாவாக்கியத்தை, தெருவில் ஜீப் சார் என்று பேரெடுத்த ஓய்வுபெற்ற அதிகாரி தாமே யோசித்து, அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்தார். மறுநாள் காலையே அந்த இரும்பில் ஒரு பாகம் அவருடைய இடது கால் பெருவிரலில் விழுந்தது. நகம் கறுத்து விழுந்து மறுபடி முளைத்து வர எட்டு மாதம் ஆயிற்று. அட்டையை மட்டும் அவர் கழற்றவில்லை.

நீர்ப்பாசனத் துறையில் இருபத்திரண்டு வருடம் அவர் சவாரி செய்த அதே ஜீப்தான். துறை கழித்துக் கட்டியபோது ஏலத்தில் எடுத்தார். கொட்டகைக்கு வந்தபோது அடித்தகட்டில் கையை விட்டால் மறுபக்கம் விரல் தெரியும். மூன்று வருடமாக உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்தார். தகரம் வெட்டி ஒட்டினார். ஒவ்வொரு நட்டையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் விளக்கினார். எஞ்சினுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் மெக்கானிக் வருவார். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் பேசுவதற்கு ஜீப்பைத் தவிர ஆளில்லை. "என்ன, இன்னைக்கு மக்கர் பண்ற?" என்று அதனிடம் கேட்பது பக்கத்து வீட்டுக்காரருக்குப் பழகிவிட்டது.

தெருவில் அகப்பட்டவர்களிடமெல்லாம் அந்தக் காலத்துக் கதைகளைச் சொல்வார். வெள்ளத்தில் ஓடையைக் கடந்தது, அணைக்கரைச் சேற்றில் புதைந்து மீண்டது, பாறைச் சரிவில் ஏறியது. "நானும் இவனும்தான். வேற யாரு?" என்று பானெட்டைத் தட்டுவார். அந்தக் கதைகளில் டிரைவர் வரமாட்டார். வண்டி தானாகவே ஏறும், தானாகவே இறங்கும்.

மனைவி, மகளின் பிரசவத்துக்கென்று அவள் ஊருக்குப் போனவள், திரும்பவில்லை. குழந்தை நடக்கட்டும் என்றாள். நடந்தது. பேசட்டும் என்றாள். பேசியது. இப்போது அது பள்ளிக்கூடம் போகிறது. போன வருடம் ஜீப் சார் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"எப்பதான் வருவே?"

மறுமுனையிலிருந்து அவள் சொன்னாள்: "அந்த வண்டிய நீங்களே ஓட்டிட்டு வந்து வாசல்ல நிறுத்துங்க. மறுபேச்சில்லாம ஏறிக்கிறேன்."

சத்தியப் பிரமாணம் கிடைத்தது போல அவர் அன்றே பெயின்ட் வாங்கிவந்தார்.

இந்த ஞாயிறு எஞ்சின் பிடித்துக்கொண்டது. முதலில் இருமியது, கறுப்பாகத் துப்பியது, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, "சார், கொன்னுட்டோம்!" என்றார். ஜீப் சார் மனைவிக்கு போன் போட்டு, போனை எஞ்சினருகே நீட்டினார்.

"கேக்குதா?"

"கேக்குது. மிக்ஸி ஓடுற மாதிரி இருக்கு."

"மிக்ஸியா? நாலு சிலிண்டர்டி!"

அவள் சிரித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. "சரி, நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? ஆள் வெச்சு ஓட்டிட்டு வந்தா ஏற மாட்டேன்."

"அடுத்த ஞாயித்துக்கிழமை வாசல்ல நிப்பேன். பெட்டியக் கட்டி வை."

"பாப்போம்," என்றாள். குழந்தை கூப்பிடுகிறது என்று வைத்துவிட்டாள்.

மெக்கானிக் கேட்டைத் திறந்துவிட்டு, வீடியோ எடுக்க செல்போனைத் தூக்கிப் பிடித்தார். "முதல் ரவுண்டு நீங்கதான் போகணும் சார். நான் தொட மாட்டேன். மூணு வருஷ உழைப்பு, உங்க கைதான் ராசி."

பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் தலையை நீட்டினார். எதிர்வீட்டு மாடியிலும் இரண்டு பேர். ஜீப் சார் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார், தலையை வாரிக்கொண்டார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, நான்கு சக்கரத்தையும் காலால் தட்டிப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிரைவர் எந்தக் காலை முதலில் அழுத்துவார் என்று நினைவுபடுத்திப் பார்த்தார். அவருடைய பக்கவாட்டு முகம் நினைவில் இருந்தது. காதோரத்து நரை, வியர்வைக்குச் சுற்றிய துண்டு எல்லாம் இருந்தன. கால்கள் மட்டும் வரவில்லை. ஒரு தரம்கூடக் குனிந்து பார்த்ததில்லை.

ஏறினார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, நேராகச் சாலையைப் பார்த்தபடி, "ம், எடு," என்றார்.

மெக்கானிக் செல்போனைத் தாழ்த்தினார். "யாரைச் சொல்றீங்க சார்?"

ஜீப் சார் உட்கார்ந்திருந்தது இடது இருக்கையில். வலப்பக்கம், அவரே புது ரெக்ஸின் தைத்துப் போட்ட காலி இருக்கை எஞ்சினோடு சேர்ந்து மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. மனைவிக்கு அது கல்யாணமான வாரத்திலிருந்தே தெரியும்.