நக்கோ என்றால் நக்கோ இல்லை

என் வீட்டுக்காரர் ஆரோக்கியசாமிக்குப் பக்கவாதம் வந்தபோது தமிழ் போயிற்று, இங்கிலீஷும் போயிற்று. போலாரம் மிலிட்டரி ஆபீசில் முப்பது வருஷம் பேசி நாக்கில் ஒட்டிக்கொண்ட ஒரு உள்ளூர் உருதுச் சொல்தான் மிஞ்சியது. நக்கோ. வேண்டாம் என்று அர்த்தம். தண்ணீர் வேண்டுமா என்றாலும் நக்கோதான். கொடுத்தால் மடமடவென்று குடிப்பார். தலையசைப்பையும் நம்ப முடியாது.

பேச்சிலேயே வாழ்ந்த மனிதர். எங்கள் சர்ச் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் புதன்தோறும் பைபிளின் ஞான நூல்களைப் பிரித்து வைத்து, சம்பந்தி சண்டையிலிருந்து ஸ்கூட்டர் வாங்குவதுவரை எல்லாவற்றுக்கும் வழி சொல்வார். எனக்குச் சிரிப்பாக வரும். ஒன்று மட்டும் பிடிக்கும். எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்தவனின் கதை வரும்போது, "சிநேகிதனுங்க வந்து ஏழு நாள் வாயைத் திறக்காம கூடவே உட்கார்ந்தானுங்க. அப்படியே எழுந்து வீட்டுக்குப் போயிருந்தா அவனுங்கதான் ஞானி" என்பார்.

இப்போது சர்க்கரை வியாதியில் அவருடைய இடது கால் அழுகிவிட்டது. முட்டிக்கு மேலே எடுக்க வேண்டும், இன்றே எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எடு என்றோ விடு என்றோ அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல முடியாதே! எல்லாம் என் தலையில் விடிந்தது.

மத்தியானம் அன்பியத்திலிருந்து சூசைராஜும் ரெஜினாவும் பார்க்க வந்தார்கள். ஏழு நிமிஷம்கூட வாய் சும்மா இருக்கவில்லை. "எல்லாம் நல்லதுக்குத்தான்க்கா" என்றாள் ரெஜினா. சூசைராஜ் குனிந்து, "அண்ணே, ஆபரேஷன் வேணுமா?" என்று கேட்டார்.

"நக்கோ."

"பார்த்தீங்களா அண்ணி! அண்ணனே வேணாங்கிறார். முழு உடம்போட போறதுதான் ஆண்டவர் சித்தம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எந்திரிங்க தம்பி. ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றேன். அவர்கள் நகரவில்லை.

அதற்குள் வாசலில் நின்ற டாக்டர் சாஹித்யா அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டாள். சின்னப் பெண். நோயாளியே மறுத்தால் நாங்கள் தொட முடியாது என்று இந்தியில் சொன்னாள். அது மறுப்பே இல்லை, அவருக்கு வருவதே அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் மன்றாடினேன்.

"அப்படியானால் பதில் தெரிந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள், ஆன்ட்டி" என்றாள்.

என்ன கேட்பது? அவர் முகத்தருகே குனிந்தேன்.

"இங்க பாருங்க. நான் உங்க பொண்டாட்டிதானே?"

என்னை நேராகப் பார்த்தார். "நக்கோ."

டாக்டர் சரி என்று தலையாட்டினாள். ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஜெயித்துவிட்டேன். என் புருஷன் சொல்வதற்கு இனி மதிப்பில்லை என்று அத்தனை பேர் முன்னால் நிரூபித்துவிட்டேன். கையெழுத்தும் போட்டேன்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. நிஜமாகவே வேண்டாம் என்று சொல்ல நினைத்தாலும் இந்த மனிதரிடம் இருப்பது அதே சொல்தானே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் அசைகிற ஒரே கையால் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். பயமா, மறுப்பா, என்னை விட்டுப் போக மனமில்லையா? எப்படித் தெரிந்துகொள்வேன்? தள்ள வந்தவர், "டைம் லேதம்மா" என்று தெலுங்கில் அவசரப்படுத்தினார்.

ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்துவிட்டேன்.