ஒன்று புள்ளி இரண்டு வோல்ட்

...இல்லை, இப்போதேகூடச் சொல்லிவிடலாம், சர்வீஸ் சென்டரில் டோக்கன் பதினேழுதான் ஓடுகிறது, எங்களுடையது இருபத்தொன்று, இன்னும் நாலு பேர் முடிய வேண்டும், 'மேக்னா, கார்டு உன்னால் போகவில்லை, நான்தான் எரித்துவிட்டேன்', அவ்வளவுதானே, இதைச் சொல்ல நான்கு நாளாக வாய் வரவில்லை என்றால் நானெல்லாம் ஒரு மனுசனா... பக்கத்து நாற்காலியில் என் மனைவி அந்த கிராபிக்ஸ் கார்டை அட்டைப்பெட்டியோடு மடியில் வைத்திருக்கிறாள், காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கி வந்தவள் மாதிரி. வீடு கட்டுகிறவர்களுக்கு, கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படமாக்கிக் காட்டுவது அவள் தொழில். கம்பெனி வேலையை விட்டு, சரவணம்பட்டி வீட்டின் சின்ன அறையில் தனியாகத் தொடங்கியபோது முதலில் வாங்கியது இதைத்தான். பில்லும் அவள் பெயரில். செவ்வாய்க்கிழமை திரை கறுத்ததும் ஓடி வந்தாளே, என்ன சொன்னாள்? "ஏனுங்க, பெரிய ஃபைலத் தொறந்து நாந்தான் கெடுத்துப்போட்டனுங்களா?" கண் கலங்கியிருந்தது. அதற்கு நான், "அதெல்லாம் இருக்காது அம்மணி, பாத்துக்கலாம்" என்றேன். பெரிய மனசு! அயோக்கியப் பயல். போனில் அத்தை வேறு, "யாரோ கண்ணு வெச்சுப்போட்டாங்க மாப்ள, ஆனைமலைக்குப் போயி மாசாணியம்மனுக்கு மொளகா அரைச்சுப்போட்டு வந்துருங்க, செஞ்சவன் யாருன்னு அவ பாத்துக்குவா" என்றதும் எனக்குக் காப்பி புரையேறிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் போத்தனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். நான் வீட்டில் சும்மா இருந்திருக்கலாம். கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் கார்டை ஓட்டிப் பார்ப்பதற்கு ஓவர்க்ளாக் செய்வது என்று பெயர், வேகத்தைக் கூட்டக் கூட்டப் படம் சிதறும், வோல்டேஜைத் துளி ஏற்றினால் சிதறாமல் நிற்கும், மறுபடி வேகம், மறுபடி துளி, ஆனால் ஒன்று புள்ளி ஒன்று வோல்ட்டுக்கு மேல் நகராதபடி கம்பெனிக்காரன் பூட்டியிருந்தான். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்று புள்ளி ஒன்றா! டிவி ரிமோட்டில் போடுகிற ஒற்றை பேட்டரியே ஒன்றரை வோல்ட், இதற்குப் போய் ஒரு எல்லையா... அப்பா கணபதி ஏரியாவில் பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். "வோல்டேஜ் எறங்குச்சுன்னா காயில் போச்சு கண்ணு" என்பதைத் தினமும் காதில் வாங்கி வளர்ந்தவன் நான். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் முக்கும், சூடேறும், புகையும். ஏற்றிக் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும். கூடுதல் வோல்டேஜ் என்றாலே நல்லது என்று ரத்தத்தில் ஊறிவிட்டது, ஐடி பார்க்கில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்தும் போகவில்லை. நகத்தளவு சில்லை இரண்டு ஆள் தூக்கும் மோட்டார் என்று நினைத்துக்கொண்டு, வேறொரு கார்டின் மென்பொருளை இதில் ஏற்றிப் பூட்டைத் திறந்தேன், ஒன்று புள்ளி ஒன்று ஐந்து, படம் நின்றது, ஒன்று புள்ளி இரண்டு, அடேயப்பா என்ன வேகம்... யாருக்காக? அவள் வேலை சீக்கிரம் முடியட்டும் என்றுதானே? பொய். நண்பர்கள் குழுவில் அருள்குமார் தன் கார்டின் வேகத்தைச் சோதித்துப் போட்ட ஸ்கோரைத் தாண்டத்தான். தாண்டினேன், ஏழெட்டுப் பேர் கைதட்டினார்கள். அப்புறம் இறக்கி வைக்க மறந்துவிட்டேன். மறந்தேனா? அந்த எண்ணைக் குறைக்க மனசு வரவில்லை என்பதுதானே நிஜம். திங்கள் முழுக்க, செவ்வாய் மத்தியானம்வரை, ஒன்றும் தெரியாமல் அதன் மேல் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறாள்.

இருபத்தொன்று. கூப்பிட்டுவிட்டார்கள். சட்டையில் ரிஃபத் என்று பெயர் குத்தியிருந்த சர்வீஸ்காரர் கார்டைத் திருப்பிப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார். "லேசாக் கருகுன வாசம் வருதுங்க்கா" என்றார், பிறகு என் பக்கம் திரும்பி, "ஓவர்க்ளாக் பண்ணி வோல்டேஜ் ஏத்துனீங்களாங்ணா? ஏத்தியிருந்தா வாரண்டி வராதுங்ணா, அதுக்குத்தான் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க." இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறவரிடம் நான் சொன்ன பதில், "எங்க ஏரியால கரண்டு அப்பப்ப ஏறி எறங்குமுங்க." கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை, ஆனால் பொய்யும் சொல்லவில்லை என்று உள்ளே ஒரு திருப்தி வேறு, தூ. அவர் ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். அதே கேள்வி, கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். "டிக் பண்ணிக் கையெழுத்துப் போட்ருங்க்கா, பில் உங்க பேர்ல இருக்குது." இப்போது இல்லை என்று டிக் செய்யப்போகிறாள், பொய் என்று தெரியாமலே பொய்யில் கையெழுத்துப் போடப்போகிறாள், கம்பெனியில் பிரித்துப் பார்த்தால் ஏமாற்றுக்காரி என்று அவளைத்தானே சொல்வார்கள், சொல்லுடா, இப்போதாவது சொல்லித் தொலையேன்... பேனாவை எடுத்தவள் என்னைப் பார்த்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் அதிகமாகவே பார்த்தாள். நான் சுவரில் இருந்த விளம்பரத்தைப் படித்தேன். குனிந்து 'ஆம்' கட்டத்தில் டிக் செய்தாள்.

"அக்கா, அப்படின்னா மாத்தித் தரமாட்டாங்க" என்று ரிஃபத் தயங்கினார். "தெரியுமுங்க. ரிப்பேர் ஆகுமான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்று சொல்லி, பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். படி இறங்கினோம். வெளியே பதினொரு மணி வெயில், வண்டியின் சீட் கொதித்தது, நான் சாவியைப் போடாமல் நின்றேன். எப்போதிருந்து தெரியும்? இன்று காலையிலிருந்தா, செவ்வாய்க்கிழமையேவா, கண் கலங்கி நான்தான் கெடுத்தேனா என்று கேட்டபோதேவா... அய்யோ, அப்படியானால் அவள் கேட்டது தன்னைப் பற்றியே அல்லவே, என்னைத்தானே. "உனக்கு எப்பத் தெரியும்?" என்றேன். அவள் ஹெல்மெட் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள். கோபமெல்லாம் இல்லை, எத்தனை மணிக்குச் சாப்பிடலாம் என்கிற குரலில்தான் கேட்டாள்: "நீங்க எப்பச் சொல்றதா இருந்தீங்க?" பதில் சொல்ல வாயைத் திறந்தேன், சாயங்காலம், இல்லை, நாளைக்கு, இல்லை, புதுக் கார்டு வந்த பிறகு... தேடித் தேடிப் பார்த்தேன், அப்படி ஒரு நாளை நான் வைத்திருக்கவே இல்லை.